பாட்டுக் கேட்டபடி படித்தால் மறக்குமா: உளவியல் சோதனையில் வேண்டாத மாறிகளை அடக்குவது எப்படி

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் உளவியல் படிக்கும் மாணவர் ஒருவர், தமிழ்ப் பாடல் கேட்டுக்கொண்டே படித்தால் நினைவு குறைகிறதா என்று சோதிக்க நினைக்கிறார். மொத்தம் 40 பேர். முதலில் பதிவுசெய்யும் 20 பேர் ஹெட்போனில் பாட்டுக் கேட்டபடி 20 தமிழ்ச் சொற்களை மனப்பாடம் செய்வார்கள். அடுத்த 20 பேர் அமைதியில் செய்வார்கள். யாருக்கு எத்தனை சொற்கள் நினைவிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது திட்டம். விரிவுரையாளரோ "புறமாறிகள் கட்டுப்படுத்தப்படவில்லை" என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். புறமாறி என்றால், சோதிக்கும் பாட்டைத் தவிர மதிப்பெண்ணை மாற்றக்கூடிய மற்ற எதுவும். எதை, எப்படிக் கட்டுப்படுத்துவது?

பெரும்பாலோர் இந்த இடத்தில் அறை வெப்பம், வெளிச்சம், சத்தம் என்று பட்டியல் போடத் தொடங்குவார்கள். அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது, பலனும் குறைவு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாறியையும் பார்த்து ஒன்றைக் கேளுங்கள்: இது இரண்டு குழுக்களிலும் ஒரே போக்கில் ஏறி இறங்குகிறதா, அல்லது பாட்டோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறதா?

ஒருவர் சரியாகத் தூங்காமல் வருகிறார், இன்னொருவர் நன்றாகத் தூங்கி வருகிறார். இத்தகையவர்கள் இரு குழுக்களிலும் கலந்திருந்தால் மதிப்பெண்கள் சிதறும், பாட்டின் விளைவு அந்தச் சிதறலுக்குள் மங்கலாகத் தெரியும். இது தொல்லைதான், ஆனால் முடிவு ஒரு பக்கம் சாயாது. தூக்கம் கெட்டவர்கள் எல்லாரும் பாட்டுக் குழுவிலேயே சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. மதிப்பெண் குறைந்தது பாட்டாலா தூக்கத்தாலா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைத்தான் குழப்ப மாறி என்கிறோம். முதல் வகையைக் குறைத்தால் போதும். இரண்டாம் வகை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

உங்கள் திட்டத்தில் இரண்டாம் வகை குறைந்தது மூன்று இருக்கிறது.

முதலாவது, பதிவு வரிசை. முந்திக்கொண்டு பதிவுசெய்பவர்கள் பொதுவாக ஆர்வமும் ஒழுங்கும் மிக்கவர்கள். கடைசி நாளில் வருபவர்கள் மதிப்பெண்ணுக்காகவோ நண்பர் இழுத்ததாலோ வருபவர்கள். முதல் 20 பேரைப் பாட்டுக் குழுவில் போட்டால் ஆர்வமும் பாட்டும் ஒன்றாகவே நகரும். போதாததற்குக் காலமும் பிரிந்துவிடும்: ஒரு குழு இந்த வாரம், மற்றது அடுத்த வாரம். இடையில் தேர்வு வரலாம், புகைமூட்டமும் வரலாம். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படியொரு வாரத்தில் ஒரு குழுவை மட்டும் சோதித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த நாளாக இருந்தாலும் பாட்டு, அமைதி என்ற எல்லா நிலைகளும் அன்றைக்கே நடக்க வேண்டும்.

இரண்டாவது, ஹெட்போன். பாட்டுக் குழுவுக்கு மட்டும் ஹெட்போன் என்றால் வெளிச்சத்தம் அவர்களுக்குக் குறையும், காது இறுக்கம் அவர்களுக்கு மட்டும் இருக்கும். அமைதிக் குழுவும் அதே ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும், ஒலி மட்டும் வராது. இந்தச் சின்னத் திருத்தத்துக்குச் செலவே இல்லை. இருந்தும் மாணவர் திட்டங்களில் இதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

மூன்றாவது, "பாட்டு" என்பதே ஒரு மாறி அல்ல. அதில் தாளம், இசைக்கருவி, மனிதக் குரல், புரியும் சொற்கள், பழகிய நினைவுகள் எல்லாம் இருக்கின்றன. திரையில் தோன்றும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவுகூரும் வேலையைப் பின்னணியில் ஒலிக்கும் புரியாத மொழிப் பேச்சுகூடக் கெடுக்கும் என்று 1976இல் காலியும் வெல்ஷும் காட்டினார்கள். குரலோடு கூடிய இசை, கருவியிசையைவிட அதிகம் கெடுக்கிறது என்று 1989இல் சலாமேயும் பேட்லியும் கண்டார்கள். எனவே உங்களுக்கு மூன்று நிலைகள் வேண்டும்: வரிகளோடு பாட்டு, அதே பாட்டின் கரோக்கே வடிவம், அமைதி. ஒரே பாட்டின் இரண்டு வடிவங்கள் என்பதால் தாளமும் மெட்டும் தாமாகவே சமமாகிவிடும். இப்போதுதான் "பாட்டு கெடுக்கிறது" என்பதற்கும் "சொற்கள் கெடுக்கின்றன" என்பதற்கும் வேறுபாடு தெரியும். குரலை எடுத்ததும் ஒலியளவு இறங்கும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இரண்டு கோப்புகளின் சராசரி ஒலியளவையும் சமன்செய்துவிட்டு, கணினியின் ஒலி அளவை ஓரிடத்தில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். 60 முதல் 65 டெசிபல் போதும். கைப்பேசிச் செயலி காட்டும் எண் துல்லியமானது அல்ல. ஆனாலும் ஒரே கைப்பேசியை ஹெட்போனில் ஒரே இடத்தில் வைத்து அளந்தால், இரண்டு கோப்புகளும் சமமா என்று ஒப்பிட அது உதவும்.

இனி ஆட்களைப் பிரிப்பது. தெரியாத மாறிகளையும் சேர்த்துச் சமன்செய்ய நம்மிடம் உள்ள ஒரே கருவி சமவாய்ப்பு முறைதான், அதாவது யார் எந்த நிலைக்கு என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலிடம் விடுவது. தெரிந்தவர்களைப் பிடித்து வந்து சோதித்தாலும் பரவாயில்லை, யார் எந்த நிலைக்கு என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. நாணயம் சுண்டினால் போதுமா? 40 பேருக்குச் சுண்டினால் குழுக்கள் 25-15 அல்லது அதைவிட மோசமாகப் பிரிய ஏறத்தாழ 15 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதனால் தொகுதி முறை நல்லது. இரண்டு நிலை என்றால் நால்வர் கொண்ட தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இருவர் இங்கே, இருவர் அங்கே. அதற்கு ஆறு வரிசைகள்தாம் உண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் அவற்றில் ஒன்றைக் கணினி எடுக்கட்டும். பட்டியலை வேறொருவர் தயாரித்து, வெளியே தெரியாத உறைகளில் எண்ணிட்டு ஒட்டித் தர வேண்டும். அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், "இவர் கெட்டிக்காரர், அடுத்த வாய்ப்பில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று கை தானாகப் போகும்.

சமவாய்ப்பு எல்லாவற்றையும் சமமாக்கிவிடும் என்று நம்பிவிடவும் வேண்டாம். ஆயிரம் பேரில் அது உண்மை. 20 பேர் கொண்ட குழுவில் உயர்தமிழ் (பள்ளியில் வழக்கமான தமிழைவிட உயர்ந்த நிலைப் பாடம்) படித்தவர்கள் ஒரு பக்கம் குவிந்துவிட முடியும், தமிழ்ச் சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் அது பெரிய விஷயம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். ஆகவே "தமிழ் மாணவர்" என்ற ஒரே பெயருக்குள், தமிழை வகுப்பறைக்கு வெளியே தொடாதவரும் இருப்பார், வீட்டில் தமிழ் தவிர வேறு பேசாதவரும் இருப்பார். உயர்தமிழ் படித்தவர், படிக்காதவர் என்று முதலில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தொகுதிப் பட்டியல் போடுங்கள்.

பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்ப்பதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் ராணுவம் போன்றவற்றில் ஆற்றும் கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு வருகிறார்கள். ஒரே ஆண்டில் படிக்கும் ஆண், பெண் இருவருக்கும் ஏறத்தாழ இரண்டு வயது இடைவெளி இருக்கும், படிப்பிலிருந்து விலகியிருந்த காலமும் ஆண்களுக்கு மட்டுமே உண்டு. "பெண்களுக்கு நினைவாற்றல் அதிகம்" என்று எழுதுமுன் யோசியுங்கள். பாலினத்தைச் சமவாய்ப்பில் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதால், இந்தக் குழப்பம் எத்தனை பேரைச் சோதித்தாலும் போகாது.

இவ்வளவு சிக்கலுக்கும் நான் சொல்லக்கூடிய நேரான வழி, குழுக்களையே விட்டுவிடுவது. ஒவ்வொருவரும் மூன்று நிலைகளையும் செய்யட்டும். அவரவர் தமிழ்த் திறன், தூக்கம், வயது, குடித்த கோப்பி எல்லாம் மூன்று நிலைகளுக்கும் பொதுவாகிவிடும். ரமலான் மாதத்தில் நோன்போடு பிற்பகலில் வருபவரும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறார், அவரை விலக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையிலும் லாபம். குழுவுக்கு 20 பேர் என்றால், 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்க விளைவு சுமார் 0.9 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஒரே ஆளை ஒப்பிடும் முறையில், 36 பேர் இருந்தால், ஒவ்வொருவரும் இரண்டு நிலைகளில் வாங்கிய மதிப்பெண்களின் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தில் சுமார் பாதி அளவு விளைவே போதும்.

ஆனால் இந்த வழியில் புதிய மாறி ஒன்று உள்ளே வருகிறது: வரிசை. முதல் பட்டியலில் பழக்கம் இல்லை, மூன்றாவதில் அலுப்பு. முந்தைய பட்டியலின் சொற்களும் நடுவே புகுந்து குழப்பும். இதை ஒழிக்க முடியாது, நிலைகளுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் முடியும். மூன்று நிலைகளை ஆறு வரிசைகளில் அடுக்கலாம். சொற்பட்டியல்களும் மூன்று வேண்டும், ஏனெனில் ஒருவருக்கு ஒரே பட்டியலை இரண்டு முறை காட்ட முடியாது. எந்தப் பட்டியல் எந்த நிலையோடு என்பதையும் மூன்று விதமாகச் சுழற்ற வேண்டும். 6 பெருக்கல் 3, ஆக 18 சேர்க்கைகள். பங்கேற்பாளர் எண்ணிக்கை 18இன் மடங்காக இருக்க வேண்டும்: 36 பேர் என்றால் சேர்க்கைக்கு இருவர். 40 பேர் கிடைத்தாலும் 36இல் நிறுத்துங்கள். ஒருவர் பாதியில் விலகினால் அவருடைய சேர்க்கையிலேயே புதியவரை வையுங்கள்.

நான்கு நிலைகள் இருந்தால் 24 வரிசைகள் ஆகிவிடும், அவ்வளவும் தேவையில்லை. அஆஈஇ, ஆஇஅஈ, இஈஆஅ, ஈஅஇஆ என்ற நான்கு வரிசைகள் போதும். ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை வருகிறது, ஒவ்வொரு நிலைக்கும் உடனடியாக முன்னால் மற்ற மூன்றும் ஒவ்வொரு முறை வருகின்றன. அஆஇஈ என்று வெறுமனே சுழற்றினால் இரண்டாவது நன்மை கிடைக்காது, ஆவுக்கு முன்னால் எப்போதும் அதான் நிற்கும்.

வரிசையைப் பங்கிடுவது கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குக் கடந்து செல்லும் பாதிப்பு, எதிர்த்திசையில் செல்வதற்குச் சமமாக இல்லாவிட்டால் கணக்கு கெடும். சொற்களை மனக்கண்ணில் படமாகப் பார்க்கும் உத்தியை முதலில் கற்றுக் கொடுத்துவிட்டு, அடுத்த பட்டியலில் "உத்தி இல்லாமல் படியுங்கள்" என்றால் யாரால் மறக்க முடியும்? உத்தி கற்பிக்கும் சோதனைகளுக்குத் தனித்தனிக் குழுக்கள்தான் சரி. உங்கள் பாட்டுச் சோதனையில் இந்தச் சிக்கல் குறைவு. நிலைகளுக்கு நடுவே 3 நிமிட இடைவெளி விட்டால் போதும்.

சொற்பட்டியலுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். உச்சரிக்கக் குறைந்த நேரம் பிடிக்கும் சொற்கள் எளிதில் நினைவில் நிற்கும் என்று பேட்லி, தாம்சன், புக்கானன் மூவரும் 1975இல் காட்டினார்கள். ஆகவே மூன்று பட்டியல்களிலும் சொல் நீளம் சமமாக இருக்க வேண்டும். எக்செலில் நீளம் காணும் சூத்திரத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். "பள்ளிக்கூடம்" என்ற சொல்லில் 7 எழுத்துகள். எக்செல் 12 என்று காட்டும், ஏனெனில் ஒருங்குறியில் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். கையால் எண்ணுங்கள், மாத்திரையையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது பழக்கம். தமிழ்நாட்டில் தொகுத்த சொற்பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். கண்மாயும் வரப்பும் அங்கே அன்றாடச் சொற்கள், இங்கே பாடநூலோடு சரி. மின்தூக்கியும் கடைத்தொகுதியும் இங்குள்ளவருக்குக் கண்ணில் தினமும் படுபவை. உங்கள் பங்கேற்பாளர்களைப் போன்ற, ஆனால் சோதனையில் கலந்துகொள்ளாத 10 பேரிடம் 80 சொற்களைக் கொடுத்து 1 முதல் 7 வரை பழக்கத்தை மதிப்பிடச் சொல்லுங்கள். 5க்கு மேல் வாங்கிய சொற்களிலிருந்து 45ஐ எடுத்து, பட்டியலுக்கு 15 என்று பிரியுங்கள். பாடலில் வரும் சொல் எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒரே இனத்துச் சொற்கள், அதாவது நான்கு பழங்கள் அல்லது மூன்று நிறங்கள், ஒரே பட்டியலில் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று இழுத்து வரும், பிரித்துப் போடுங்கள்.

தாளில் அச்சடித்து "3 நிமிடம் படியுங்கள்" என்று கொடுக்க வேண்டாம். ஒருவர் வரிசையாகப் படிப்பார், இன்னொருவர் கடினமானதை மட்டும் திரும்பப் பார்ப்பார். திரையில் சொல்லுக்கு 2 விநாடி என்று ஓடவிடுங்கள். கடைசிச் சொல் மறைந்ததும் எழுதச் சொன்னால் இறுதி நான்கைந்து சொற்கள் காதில் ஒட்டியிருப்பவைபோல வந்துவிடும். 30 விநாடி இடைவேலை கொடுத்தால் அந்தக் கடைசிச் சொல் ஆதாயம் கரைந்துவிடும் என்பது 1966இல் கிளான்சரும் குனிட்சும் காட்டியது. மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணுவது வழக்கமான இடைவேலை. எந்த மொழியில் எண்ணுவது என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாதிப் பேர் ஆங்கிலத்திலும் மீதிப் பேர் தமிழிலும் எண்ணுவார்கள், தமிழில் எண்ணுவது தமிழ்ச் சொற்களை அதிகம் கலைக்கக் கூடும். இந்தத் தமிழ் மாணவர்களுக்கு ஆங்கில எண்ணே இயல்பாக வரும் என்பதால் ஆங்கிலம் என்று எல்லாருக்கும் நிர்ணயித்துவிடலாம்.

சோதனை நடத்துபவரும் ஒரு மாறிதான், பல நேரம் அறை வெப்பத்தைவிடப் பெரிய மாறி. பெர்லினில் கணக்குப் போட்டதாகச் சொல்லப்பட்ட ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்டவரின் தலையசைவைப் பார்த்துக் குளம்பைத் தட்டியதே தவிரக் கணக்கு அறியாது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் நிரூபித்தார். ரோசந்தாலும் ஃபோடும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாணவர்களுக்கு ஆளுக்கு 5 எலிகள் கொடுக்கப்பட்டன. பாதிப் பேரிடம் "புத்திசாலி வம்சம்" என்றும், பாதிப் பேரிடம் "மந்த வம்சம்" என்றும் சொன்னார்கள். எலிகளில் வேறுபாடு இல்லை. இருந்தும் "புத்திசாலி" எலிகள் நன்றாகக் கற்றன. எலிக்கே அப்படியென்றால், எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு?

செய்ய வேண்டியது எளிது. அறிவுரைகளை ஒரே முறை பதிவுசெய்து எல்லாருக்கும் அதையே ஓடவிடுங்கள். ஒலிக்கோப்புகளுக்கு 1, 2, 3 என்று வேறொருவர் பெயரிடட்டும். ஒலி ஹெட்போனுக்குள்தான் என்பதால் எந்த நிலை ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. திருத்துபவருக்கும் தெரியக் கூடாது. திருத்தும் விதிகளை முன்பே எழுதிவையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண பிழைகள் ஏற்கப்படும்; "மழ" என்று பேச்சு வடிவில் எழுதினால் ஏற்கப்படும்; ஆங்கிலத்தில் பொருளை எழுதினால் ஏற்கப்படாது, ஆனால் தனியாக எண்ணி வைக்கப்படும். இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டால் விதியில் ஓட்டை எங்கே என்று தெரியும்.

பங்கேற்பாளரும் சும்மா இருப்பதில்லை. இந்தச் சோதனை எதற்கு என்று ஊகித்து, அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். மார்ட்டின் ஓர்ன் 1962இல் விரித்துரைத்தது இதைத்தான். மூன்று நிலைகளையும் ஒருவரே செய்யும்போது "பாட்டு கெடுக்கும்னு காட்டப் போறாங்க" என்று புரிந்துகொள்வது எளிது. இந்த முறைக்கு நாம் கொடுக்கும் விலை அது. "வெவ்வேறு ஒலிச்சூழலில் வாசிப்பு" என்று பொதுவாக அறிமுகப்படுத்துங்கள். அது பொய்யில்லை. முடிந்ததும் முதலில் பொதுவாகவும் பிறகு குறிப்பாகவும் கேளுங்கள்: சோதனை எதைப் பற்றியது என்று நினைத்தீர்கள், எந்த நிலையில் நன்றாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. சரியாக ஊகித்தவர்களை நீக்கிவிட்டும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்; முடிவு மாறினால் அறிக்கையில் சொல்ல வேண்டும். உண்மை நோக்கத்தை முழுதாகச் சொல்லாமல் சோதிப்பதற்கும், இளையர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டுமா என்பதற்கும், நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

அறை வெப்பம், வெளிச்சம் பற்றி இப்போது சொல்லலாம், இரண்டு வரி போதும். குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், கைப்பேசியை வாங்கிப் பையில் வையுங்கள். எம்ஆர்டி ரயில் தடத்தை ஒட்டிய அறையையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தையும் தவிருங்கள். கோப்பியைத் தடை செய்யத் தோன்றும், வேண்டாம்: தினமும் குடிப்பவர் ஒரு நாள் நிறுத்தினால் தலைவலியோடு வருவார். வழக்கம்போல் குடிக்கட்டும், சோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் போதும். ஒவ்வொன்றையும் இறுக்கிப் பிடிக்கும்போது ஒன்றை இழக்கிறீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 19 வயது, உயர்தமிழ், காலை 10 மணி, பெண்கள் மட்டும் என்று வடிகட்டினால் சிதறல் குறையும், ஆனால் முடிவு அவர்களைத் தாண்டி யாருக்கும் பொருந்துமா என்று தெரியாது.

கட்டுப்படுத்த முடியாததை அளந்து வைத்துப் புள்ளியியலில் சரிசெய்யலாம் என்பார்கள். ஓரளவுக்குச் சரி, இரண்டு நிபந்தனைகளோடு. எதைச் சேர்ப்பது என்று தரவைப் பார்க்குமுன் முடிவு செய்திருக்க வேண்டும். அந்த மாறி பாட்டுக்கு முன்பே அளக்கப்பட்டிருக்க வேண்டும். பாட்டுக் கேட்ட பிறகு மனநிலையைக் கேட்டுவிட்டு அதை "கட்டுப்படுத்தினால்", பாட்டு மனநிலை வழியாகச் செய்த வேலையையே நீங்கள் கழித்துவிடுகிறீர்கள். குழுக்களாகப் பிரிக்கும் வடிவத்தையே வைத்துக்கொள்வதென்றால், தொடங்குமுன் எல்லாருக்கும் அமைதியில் ஒரு பட்டியல் கொடுத்து அந்த மதிப்பெண்ணை இணைமாறியாக, அதாவது தொடக்க வேறுபாட்டைச் சரிசெய்யக் கணக்கில் சேர்க்கும் மாறியாகப் பயன்படுத்துங்கள். வேறு எந்தச் சரிசெய்தலும் அவ்வளவு உதவாது. ஆனால் சமவாய்ப்பில் பிரித்த பிறகு "குழுக்களிடையே தொடக்கத்தில் வேறுபாடு உண்டா" என்று பி மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) பார்ப்பது வீண் வேலை. வேறுபாடு இருந்தால் அது தற்செயல் என்று பிரித்த விதத்திலிருந்தே தெரியும்.

தொடங்குமுன் ஐந்தாறு பேரை வைத்து முன்னோட்டம் பாருங்கள். 15இல் எல்லாரும் 13, 14 எழுதினால் பட்டியல் மிக எளிது, பாட்டு கெடுத்தாலும் தெரியப்போவதில்லை; சொல்லுக்கு 2 விநாடி என்பதை 1.5 ஆக்குங்கள் அல்லது பட்டியலை நீட்டுங்கள். எல்லாரும் 3, 4 எழுதினால் எதிர்த்திசையில் மாற்றுங்கள். நடுவில் கிடந்தால் சரி. சோதனை நாள்களில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்: யார், எந்தச் சேர்க்கை, எத்தனை மணி, என்ன இடையூறு. யாருடைய தரவை நீக்குவது என்ற விதியையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: ஹெட்போனைக் கழற்றியவர், இடைவேலையில் எண்ணாதவர், அறைக்குள் யாரோ நுழைந்ததால் நின்றுபோன அமர்வு. விதி தரவுக்கு முன்னால் எழுதப்பட்டிருந்தால், நீக்கியதற்கு விரிவுரையாளரிடம் நீங்கள் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.